ரா டேட்டா எங்கே? ஆய்வகத் தகவல் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

கட்டுரையை இதழுக்கு அனுப்பி எட்டு மாதம் கழித்து, மூன்றாம் படத்துக்கான மூலத் தரவைக் கொடுங்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்பார். அன்றைக்குத்தான் லேப் முழுக்கத் தேடல் தொடங்கும். பென்டிரைவ், பழைய லேப்டாப், படித்து முடித்துப் போன சீனியரின் கூகுள் டிரைவ், ஜன்னலோரம் அடுக்கிய நோட்டுகள். பெரும்பாலும் எண்கள் எங்காவது கிடைத்துவிடும். அவை எந்த சாம்பிளுடையவை, எந்த அலகில், எந்த செட்டிங்கில், யார் எடுத்தவை என்ற விவரம் மட்டும் யாரோ ஒருவர் தலைக்குள் இருக்கும். கீழே உள்ள அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த ஒரே இடத்தில்தான் போய் முட்டும். அதனால்தான், பெரிய விலைக்கு ஒரு ஆய்வக மென்பொருள் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

உங்கள் அறிகுறி எதுவோ நேராக அங்கே போங்கள். ஒரு எச்சரிக்கையை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். சிக்கல் தெரிந்த நொடியிலிருந்து எந்தக் கோப்பையும் திறந்து சேவ் கொடுக்காதீர்கள். முழு ஃபோல்டரையும் நகலெடுத்து, மூலத்தை ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு, நகலில் தேடுங்கள். கோப்பு அழிந்துவிட்டது என்றால் அந்த டிஸ்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. மீட்பு மென்பொருளைப் பதற்றத்தில் அதே டிஸ்கில் நிறுவுகிறவர்கள் உண்டு. மீட்க வேண்டிய கோப்பின் மேலேயே அது போய் உட்கார்ந்துவிடலாம். எஸ்எஸ்டியாக இருந்தால் நம்பிக்கை இன்னும் குறைவு. அழித்த இடத்தை அது பெரும்பாலும் தானே துடைத்துவிடும்.

## எக்செல்லில் திறந்தால் பெயர்கள் தேதியாகிவிட்டன, எண்கள் மாறிவிட்டன

அதே சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை; எக்செல்லை சேவ் கொடுக்காமல் மூடுங்கள். நோட்பேடிலும் மாறித்தான் தெரிகிறதென்றால், யாரோ ஏற்கெனவே எக்செல்லில் திறந்து சேமித்துவிட்டார்கள். அந்த நகலைக் கையால் திருத்த உட்காராதீர்கள். கருவி முதன்முதலில் எழுதிய கோப்பைத் தேடுங்கள்.

கையால் திருத்த முடியாததற்குக் காரணம், எக்செல் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதையே எழுதுகிறது. 2310009இ13 என்பது போன்ற அடையாள எண்ணில் நடுவே வரும் ஆங்கில ‘இ’யைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு 2.31இ+19 என்று காட்டும். சேமித்த பிறகு மீதி இலக்கங்கள் எங்கும் இல்லை. 00417 என்ற சாம்பிள் 417 ஆகும். 15 இலக்கத்துக்கு மேல் போகும் பார்கோடு எண்ணில் 16ஆவது இலக்கத்திலிருந்து வெறும் சுழியம்தான்.

மரபியல்காரர்கள் இதில் பட்டபாடு பெரிய கதை. மார்ச்1, செப்ட்2 என்ற மரபணுக்களை எக்செல் மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். எக்செல் வடிவில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016இல் ‘ஜீனோம் பயாலஜி’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே 2020இல் இறங்கிவந்து மார்ச்எஃப்1, செப்டின்2 என்று பெயர்களை மாற்றிக்கொண்டது. இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்துவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 2023இல்.

இனி சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறக்க வேண்டாம். டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, அடையாள எண் உள்ள நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிடுங்கள். சாம்பிளுக்குப் புதிதாக எண்முறை வகுக்கும்போது எழுத்தில் தொடங்குங்கள். இலக்கங்களுக்கு நடுவே ‘இ’ வேண்டாம்.

வரிகள் குறைந்திருக்கின்றனவா? கடைசி வரியின் எண்ணைப் பாருங்கள். 65,536 என்றால் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தின் எல்லையில் முட்டி, மீதி வெளியே விழுந்துவிட்டது. புதிய வடிவத்தின் எல்லை 10,48,576. இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறைக்கு 2020 அக்டோபரில் நடந்தது இதுதான். ஆய்வகங்களிலிருந்து வந்த கோவிட் முடிவுகளைப் பழைய வடிவத்தில் ஏற்றியதில் 15,841 பாசிட்டிவ் முடிவுகள் கணக்கில் சேராமல் போயின. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. விடுபட்டது உடனே யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே ஒரு கோப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போதெல்லாம் அனுப்பியவர் வரி எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், பெற்றவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

## ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் குப்பையாகத் தெரிகின்றன

கள ஆய்வு செய்பவர்களுக்கு, குறிப்பாக வேளாண்மை, சமூகவியல், சூழலியல் பக்கம் இருப்பவர்களுக்கு, இது அன்றாடத் தலைவலி. குப்பை எந்த மாதிரி என்று உற்றுப் பாருங்கள்.

தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்தால், அது நல்ல யூனிகோடு கோப்புதான். எக்செல் வேறு குறியாக்கம் என்று நினைத்துக்கொண்டு திறந்திருக்கிறது. இறக்குமதி செய்யும்போது குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு. தரவு பத்திரமாக இருக்கிறது, எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். ஆனால் முழு கோப்பையும் ஒரே வீச்சில் மாற்றாதீர்கள். ஆங்கில எழுத்தில் அடித்த உயிரினப் பெயர்களும் சேர்ந்து தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். தமிழ் உள்ள நெடுவரிசைகளை மட்டும் மாற்றி, பழையதையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கு பார்த்தாலும் வெறும் கேள்விக்குறிகள் என்றால் வழியில்லை. எழுத்துகள் அழிந்துவிட்டன. காகிதப் படிவத்தைத் தேடுங்கள்.

## ஃபைனல், ஃபைனல்2, கைடு திருத்தியது, உண்மையான ஃபைனல்

எது சரியான கோப்பு என்று கண்டுபிடிக்க, கடைசியாகத் திருத்திய நேரத்தை நம்பாதீர்கள். சும்மா திறந்து சேவ் கொடுத்தாலே அது மாறிவிடும். மின்னஞ்சலிலிருந்தோ டிரைவிலிருந்தோ இறக்கினால் பெரும்பாலும் இறக்கிய நேரமே பதிவாகும். விண்டோஸில் ‘உருவாக்கிய நேரம்’ ‘திருத்திய நேரத்’துக்குப் பிந்தையதாக இருந்தால் அது வேறிடத்திலிருந்து நகலெடுத்த கோப்பு என்று மட்டும் ஊகிக்கலாம்.

முதலில் எஸ்ஹெச்ஏ-256 செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீடு) எடுத்துப் பாருங்கள். ஐந்து கோப்புகளில் இரண்டோ மூன்றோ எழுத்துக்கு எழுத்து ஒன்றே என்று தெரிந்து பட்டியல் சுருங்கும். மிச்சமிருப்பவற்றில், கட்டுரையில் அச்சான எண் எதிலிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போங்கள். படத்தில் ஏதாவது ஒரு புள்ளி, அட்டவணையில் ஒரு சராசரி போதும். அந்த எண்ணைக் கொடுக்கும் கோப்பே மூலம். அது “தவறான” கோப்பாக இருந்தாலும், வெளியிட்டது அதைத்தான். இதை ஆய்வு வழிகாட்டியான கைடிடம் சொல்வது சங்கடம்தான். இதழ் கேட்ட பிறகு சொல்வது அதைவிடச் சங்கடம்.

இனிமேலுக்கு: கோப்புப் பெயர் 2025-03-07 என்ற வரிசையில் தேதியோடு தொடங்கட்டும், பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். கணக்கிடும் நிரல்களை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளில் வையுங்கள். ரா ஃபோல்டரில் யாரும் எதையும் மாற்ற முடியாதபடி அனுமதியை எடுத்துவிடுங்கள். இந்த மூன்றாவதைச் செய்யும் லேப்கள் குறைவு, பலன் அதிகம் தருவதும் அதுதான்.

## இரண்டு கருவிகளின் பதிவுகள் நேரத்தில் ஒத்துப்போகவில்லை

வித்தியாசம் சரியாக 5 மணி 30 நிமிடமா? ஒன்று இந்திய நேரத்திலும் இன்னொன்று யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் எழுதுகிறது. தேதி மட்டும் ஒரு நாள் பின்தங்கினாலும் இதையே சந்தேகியுங்கள். நம் ஊரில் அதிகாலை 4 மணிக்கு ஓடிய ரன், யுடிசியில் முந்தின நாள் இரவு 10:30. விடிய விடிய ஓடும் கருவிகளில் பாதி ரன் ஒரு தேதியிலும் பாதி இன்னொரு தேதியிலும் கிடக்கும்.

வித்தியாசம் சில நிமிடமோ, சில ஆண்டுகளோ என்றால் கருவியோடு வந்த கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள். வைரஸுக்குப் பயந்து அதை நெட்வொர்க்கில் இணைத்திருக்க மாட்டார்கள். ஆகவே நேரம் தானாகத் திருந்தாது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும்.

உடனே கடிகாரத்தைத் திருத்திவிடாதீர்கள். திருத்தினால் பழைய பதிவுகளின் பிழை எவ்வளவு என்ற தடயம் போய்விடும். கைபேசியில் நொடி தெரியும்படி நேரத்தை வைத்து, அதைக் கருவியின் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இன்னொரு கைபேசியில் ஒரு படம் எடுங்கள். அந்தப் படமே உங்கள் திருத்தக் கணக்கு. லாக்புக்கில் எழுதிவிட்டு, பிறகு சரிசெய்யுங்கள்.

## எண் சரி, முடிவு தப்பு

கணக்கில் பிழை இல்லை, நிரலில் பிழை இல்லை, ஆனாலும் முடிவு நம்பும்படி இல்லை. தப்பு எத்தனை மடங்கு என்று வகுத்துப் பாருங்கள். 1000 என்றால் மில்லி-மைக்ரோ குழப்பம். 4.184 என்றால் கலோரி, ஜூல். 4.45 என்றால் பவுண்டு விசை, நியூட்டன்.

அந்த 4.45தான் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரை 1999 செப்டம்பர் 23 அன்று விழுங்கியது. தரையில் ஓடிய ஒரு மென்பொருள் உந்துவிசைத் தாக்கத்தைப் பவுண்டு விசை-நொடியில் கொடுக்க, வாங்கிய பக்கம் நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. கலம் செவ்வாயை அளவுக்கு மீறி நெருங்கிப்போய்த் தொலைந்தது. இந்தக் கதையை எல்லோரும் அலகோடு நிறுத்திவிடுவார்கள். விசாரணை அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. பாதையில் ஏதோ சரியில்லை என்று வழிகாட்டும் குழுவினருக்கு முன்பே பட்டிருக்கிறது. அதைப் பழுதுப் பதிவுக்கென்று இருந்த முறையான படிவத்தில் ஏற்றாமல், பேச்சோடும் மின்னஞ்சலோடும் விட்டுவிட்டார்கள். அலகுப் பிழையைப் பிடித்திருக்கக்கூடிய இடம் அதுதான்.

நெடுவரிசைத் தலைப்பிலேயே அலகை எழுதுங்கள்; தனியாக ஒரு விளக்கத் தாளில் எழுதினால் தாள் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம் போய்விடும். கூடவே, சந்தேகத்தை எங்கே எழுதுவது என்று லேபில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது அடுத்த அறிகுறி.

## “குரூப்பில் போட்டேனே!”

“பஃபரை மாத்திட்டோம்னு சொன்னேனே அண்ணா.”

“எப்ப சொன்ன?”

“வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். நீங்க தம்ஸ்-அப்கூட போட்டிருந்தீங்க.”

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பிறந்தநாள் வாழ்த்துக்கும் கேன்டீன் செய்திக்கும் நடுவே ஒரு சோதனை முறையே மாறியிருக்கிறது. நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

மீட்க: குரூப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, முறை மாறிய தேதியைக் கண்டுபிடித்து, எந்த ரன்களெல்லாம் அதற்கு முன், எவை பின் என்று பிரியுங்கள். குரல் செய்திகளையும் கேட்டாக வேண்டும், வேறு வழியில்லை. நோட்டில் எழுதும்போது பழைய தேதியிட்டு நுழைக்காதீர்கள். இன்றைய தேதியில், இது பின்னால் சேர்த்த குறிப்பு, ஆதாரம் இன்ன நாள் செய்தி என்று எழுதுங்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பின்தேதியிடுவது ஆடிட்டில் மோசடியாகவே பார்க்கப்படும்.

ஜெல் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த நேரம் முதலிய விவரங்களும் உதிர்ந்துவிடும். ‘டாக்குமென்ட்’ஆக அனுப்பினால் மாறாமல் போகும். அப்படியும் அதை மூலமாகக் கருதாதீர்கள்.

குரூப்பே கூடாது என்று தடை போடும் கைடுகள் உண்டு. ஒரு வாரத்தில் கைடு இல்லாத இன்னொரு குரூப் முளைக்கும். தகவலைத் தட்டிவிட குரூப் இருக்கட்டும். முறை, அளவு, முடிவு மூன்றில் ஒன்று மாறினால் அன்றைக்கே கருவியின் லாக்புக்கில் ஒரு வரி. குரூப்பில் “லாக்புக் பார்க்கவும்” என்று போட்டால் போதும்.

## கருவியின் கோப்பு திறக்க மறுக்கிறது

கருவியை ஓரங்கட்டிய பிறகு, அதன் கோப்பைத் திறக்கும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டும் இருக்கும். உரிமச் சாவி யுஎஸ்பி குச்சியாக அதில் செருகியிருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் உயிரோடு இருந்தால் முதல் வேலை அதன் ஹார்ட் டிஸ்கை முழுமையாக இமேஜ் (டிஸ்கின் அச்சு அசலான நகல்) எடுத்துவைப்பது. இரண்டாவது, எல்லாக் கோப்புகளையும் பொது வடிவத்துக்கு மாற்றுவது: நிறமாலைக்கு ஜேகேம்ப்-டிஎக்ஸ், மாஸ் ஸ்பெக்கிற்கு எம்இசட்எம்எல், படிகவியலுக்கு சிஐஎஃப். மாற்றும்போது சில செட்டிங் விவரங்கள் விடுபடும், எனவே மூலத்தையும் சேர்த்தே வையுங்கள்.

இந்த விஷயத்தில் வானியலாளர்களைப் பார்த்துப் பொறாமைப்படலாம். 1981இல் வெளிவந்த ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவத்தைப் பழையது செல்லாமல் போகாதபடியே வளர்த்துவருகிறார்கள். கோப்பின் தலைப்பகுதியிலேயே தொலைநோக்கி, நேரம், அலகு எல்லாம் வெறும் எழுத்தாக இருக்கும், நோட்பேடில்கூடப் படிக்கலாம்.

## ஃப்ரீசரில் டியூப் இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் “ஏ1, ஏ2, கன்ட்ரோல்” என்று எழுதிய டியூப்கள், அல்லது எழுத்தே அழிந்த டியூப்கள். எத்தனால் பட்டால் சாதாரண மார்க்கர் மை கரைந்து போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அதே மார்க்கர்தான் கைக்கு எட்டும்.

பெட்டியை வெளியே எடுத்துக் குலைக்காதீர்கள். எந்தக் குழியில் எது என்ற இடமே இப்போது உங்கள் கையிலிருக்கும் ஒரே தகவல். மூடியைத் திறந்து மேலிருந்து ஒரு படம் எடுத்து உடனே உள்ளே வையுங்கள். பிறகு நோட்டில் அந்த மாதத்துப் பக்கங்களோடு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். இருபத்து நான்கு டியூப், நோட்டில் எட்டு சாம்பிள் மூன்று மூன்றாக என்றால் பாதி வழி வந்தாயிற்று.

மைக்கேல் ஃபாரடே தன் சோதனைக் குறிப்பேட்டில் பத்திகளுக்குத் தொடர் எண் போட்டுக்கொண்டே போனார். அது 16,000ஐத் தாண்டியது. எந்தப் பத்தியிலிருந்தும் இன்னொரு பத்தியை எண் சொல்லியே சுட்ட முடிந்தது. டியூபுக்கும் அதே போதும்: லேப் முழுமைக்கும் ஒரே தொடர் எண், ஒருமுறை கொடுத்த எண் இன்னொன்றுக்கு வராது, மற்ற விவரமெல்லாம் நோட்டில்.

## பிரின்ட் வெளுத்துவிட்டது

தராசும் ஆட்டோகிளேவும் கொடுப்பது வெப்பத்தாள். அதன் மேல் செலோடேப் ஒட்டினாலும் பிளாஸ்டிக் உறையில் போட்டாலும் சீக்கிரமே மங்கும். மங்கியதை ஸ்கேனரில் கான்ட்ராஸ்ட் ஏற்றி முயன்று பாருங்கள். சில நேரம் கிடைக்கும். இனி அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துக் கையெழுத்தும் தேதியும் போட்டு, இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

## ஆள் போனார், தகவலும் போனது

1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ்-லீ ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு திட்டக் குறிப்பைக் கொடுத்தார். அங்கே வேலைக்கு வருபவர்கள் பொதுவாக இரண்டு ஆண்டுதான் தங்குகிறார்கள், அதனால் தகவல் ஓயாமல் தொலைகிறது என்பதுதான் அதில் அவர் சொன்ன குறை. அதற்கு மருந்தாக அவர் முன்வைத்ததுதான் பின்னர் வையவிரிவு வலை (வேர்ல்டு வைடு வெப்) ஆனது. வலை வந்தும் செர்னின் அந்தக் குறை நம் லேப்களில் அப்படியே இருக்கிறது.

ஆள் ஏற்கெனவே போய்விட்டால் முதலில் கணக்குகளைப் பாருங்கள். நிறுவன மின்னஞ்சலை எப்போது மூடுவார்கள் என்று கணினிப் பிரிவில் கேட்டு, முடிந்தால் தள்ளிப்போடச் சொல்லுங்கள். சொந்தக் கூகுள் கணக்கில் இருக்கும் ஃபோல்டர் அவர் அழித்தால் உங்களுக்கும் போய்விடும். பகிர்ந்திருப்பது போதாது, உடனே நகலெடுங்கள். பிறகு அவரிடம் பேசுங்கள். “எல்லாத் தரவையும் அனுப்பு” என்றால் பதில் வராது. “நான்காம் படத்தில் நடுக்கோட்டுக்கான கோப்பின் பெயர் என்ன?” என்றால் வரும்.

ஆள் இன்னும் போகவில்லை என்றால் நோ டியூஸ் (பாக்கி ஏதுமில்லை என்ற சான்று) கையெழுத்துவரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கு அவர் மனசு ரயிலில் இருக்கும். மூன்று மாதம் முன்பே ஒரு ஜூனியரை உட்காரவைத்து, சீனியரின் கட்டுரையிலிருந்து ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, நோட்டையும் சர்வரையும் மட்டும் வைத்துக்கொண்டு அதன் ரா டேட்டாவைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். எங்கெல்லாம் எழுந்துபோய்ச் சீனியரைக் கேட்கிறாரோ அந்த இடங்களைக் குறித்துக்கொண்டால், அதுவே எழுதிவைக்க வேண்டியவற்றின் பட்டியல்.

## பேக்கப் இருந்தும் எடுக்க முடியவில்லை

அது உண்மையில் சின்க்காக இருக்கலாம். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிவது சின்க். டிரைவின் குப்பைத்தொட்டியையும் பழைய பதிப்புகளையும் உடனே பாருங்கள். நாள் கணக்குக் கெடு இருக்கும்.

சின்க் இல்லை, நிஜமான பேக்கப்தான் என்றாலும் நிம்மதி வேண்டாம். கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் 2021 டிசம்பரில் பேக்கப் நிரலே கோப்புகளை அழித்தது. ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டின் மேலேயே திருத்திய வடிவத்தை ஏற்றியதில், பழைய லாக்குகளை அழிக்க வேண்டிய கட்டளை ஆய்வாளர்களின் கோப்புகள்மேல் பாய்ந்தது. 77 டெராபைட், ஏறத்தாழ 3.4 கோடிக் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றில் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில் என்ற 3-2-1 விதி இதற்காகத்தான். ஒரு நகலாவது எந்தக் கம்ப்யூட்டரோடும் இணைக்காமல் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து, பேக்கப்பிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, திறந்து, மூலத்தோடு செக்சம் ஒப்பிடுங்கள். ஒப்பிட்டவர் பெயரும் தேதியும் லாக்புக்கில் ஏறட்டும். ஒவ்வொரு மாதமும் வேறொருவர் செய்யட்டும். பாஸ்வேர்டு ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்பது இரண்டாவது மாதமே வெளியே வந்துவிடும்.